மூன்றாவது வெட்சியும் மஞ்சளான பிறகு

வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி ஒரு பாத்தி இருக்கிறது. ஒன்றரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். அங்கே வெட்சி வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இட்லிப்பூ என்றால் பலருக்கும் சட்டென்று தெரியும். சுவர் நெடுகச் சிவப்புக் கொத்துகளைக் கற்பனை செய்துகொண்டுதான் முதல் கன்றை நட்டேன். மூன்றாம் மாதம் கொழுந்து இலைகள் வெளுத்தன. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை, வலை விரித்ததுபோல். தொழுவுரம் போட்டேன். தண்ணீரைக் கூட்டினேன், பிறகு குறைத்தேன். செடி வளராமல் அப்படியே நின்று, பிறகு காய்ந்தது. இரண்டாவதற்கும் அதே கதி. மூன்றாவது கன்றின் கொழுந்தும் மஞ்சளானபோதுதான் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். எனக்கு என்ன செடி வேண்டும் என்று மூன்று முறையும் தெரிந்திருந்தது. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

முதலில் செலேட் இரும்புக் கரைசலை (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவிலான இரும்பு) இலையில் தெளித்துப் பார்த்தேன். இரண்டு வாரத்தில் மஞ்சள் இலைகள் பச்சைக்குத் திரும்பின. ஆனால் அதற்குப் பிறகு வந்த துளிர் மறுபடியும் மஞ்சள். இது நல்ல தடயம். செடிக்குள் இரும்புச்சத்து பழைய இலையிலிருந்து புது இலைக்கு எளிதில் நகராது. அதனால் அதன் பற்றாக்குறை கொழுந்தில்தான் முதலில் தெரியும். தழைச்சத்துக் குறைவு இதற்கு நேர்மாறு. செடி அடி இலையிலிருந்து தழைச்சத்தை உருவி நுனிக்கு அனுப்பும், அடி இலை முதலில் பழுக்கும். ஆக, என் செடிக்குக் குறைந்தது இரும்பு. தெளித்தால் சரியாகிறது, வேர் வழியாக வரவில்லை. அப்படியானால் மண்ணில் இரும்பு இல்லையா, இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லையா?

கடப்பாரையால் தோண்டினேன். 20 சென்டிமீட்டருக்குக் கீழே உடைந்த செங்கல், பூச்சுக் காரை, கெட்டியாகிப்போன சிமென்ட் உருண்டைகள். வீடு கட்டி முடித்தபோது மிஞ்சியதையெல்லாம் சுவரோரம் தள்ளி, மேலே ஒரு சாண் நல்ல மண்ணைப் பரப்பியிருக்கிறார்கள். அதில் ஒரு பிடி எடுத்து வெள்ளை வினிகரை ஊற்றினேன். சோடா போல நுரைத்தது. நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்துக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல் நீரில் பி.எச். தாளை நனைத்தேன் (பி.எச். என்பது அமில, கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்). 8. தோட்டத்தின் நடுவில் எடுத்த மண்ணுக்கு 6.5. அளவுகோல் பத்தின் அடுக்கில் போவதால் ஒன்றரைப் படி வித்தியாசம் என்பது ஏறத்தாழ முப்பது மடங்கு. பி.எச். 7.5-ஐத் தாண்டினால் இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடும். மண்ணில் எவ்வளவு இருந்தாலும் வேருக்கு எட்டாது. அமில மண்ணை விரும்பும் வெட்சிக்கு நான் கொடுத்தது சுண்ணாம்புப் படுக்கை.

கந்தகத் தூள் போட்டு பி.எச்.-ஐ இறக்கலாமா என்று யோசித்தேன். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கந்தகத்தை அமிலமாக மாற்றும் என்பது உண்மை. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். காரைத் துண்டுகள் கிடக்கும் மண்ணிலோ வருகிற அமிலமெல்லாம் அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்தே தீர்ந்துபோகும். முழுக்கத் தோண்டி எடுக்கலாம் என்றால் அஸ்திவாரம் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஆழமாகத் தோண்ட எனக்கு விருப்பமில்லை. மண்ணை மாற்ற முடியாது, செடியைத்தான் மாற்ற வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். அதோடு, புதிதாக ஒரு செடிகூட வாங்காமல் தோட்டம் முழுவதையும் இதேபோல் பார்த்துவிடுவது என்றும்.

வெளிச்சத்திலிருந்து தொடங்கினேன். ஒரு தாளில் வீடு, மதில், வேப்பமரம், பாத்திகள் எல்லாவற்றையும் வரைந்து, காலை 7 முதல் மாலை 5 வரை மணிக்கு ஒருமுறை போய் நேர் வெயில் விழும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். மாலையில் கோடுகளை எண்ணினால் அந்த இடத்துக்கு எத்தனை மணி நேர வெயில் என்று தெரிந்துவிடும். ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் முழு வெயில், மூன்றிலிருந்து ஆறு வரை அரை நிழல், அதற்கும் குறைந்தால் நிழல். செடி அட்டையில் இருக்கும் சொற்களுக்கு இதுதான் பொருள். கண்ணை நம்பக் கூடாது என்பது முதல் நாளே புரிந்தது. நாள் முழுக்கப் பளிச்சென்று வெளிச்சமாக இருக்கிறது என்று நான் நினைத்திருந்த வடக்குச் சந்தில் ஒரு கோடுகூட விழவில்லை. அது டிசம்பர்.

அந்தக் குளிர்கால நிழலை நம்பித்தான் முந்தைய ஆண்டு அந்த இரண்டு மீட்டர் அகலச் சந்தில் பெரணிகளை வைத்திருந்தேன். குளிர்ச்சியாக அழகாக வந்தன. மே மாதம் இலை நுனி கருகியது. ஜூனில் தொட்டால் நொறுங்கியது. ஏன் என்று அப்போது புரியவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு புரிந்தது. நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பது, நம் இடத்தின் அட்சரேகைக்கும் அன்று சூரியன் நேர் மேலே நிற்கும் அட்சரேகைக்கும் உள்ள வித்தியாசம்தான். சூரியன் டிசம்பர் 21 வாக்கில் தெற்கே 23.5 பாகையிலும், ஜூன் 21 வாக்கில் வடக்கே 23.5 பாகையிலும் இருக்கும். வடக்கு 10 பாகையில் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். டிசம்பரில் வித்தியாசம் 33.5 பாகை. நாலரை மீட்டர் உயர வீட்டின் நண்பகல் நிழல் வடக்குப் பக்கம் ஏறக்குறைய மூன்று மீட்டர் நீளும். ஜூனில் வித்தியாசம் 13.5 பாகைதான், அதுவும் எதிர்த்திசையில். நிழல் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தெற்கே விழும், வடக்குச் சந்து வெயிலில் நிற்கும். அந்த அட்சரேகையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்கில்தான் இருக்கிறான்.

குளிர்நாட்டுத் தோட்டக் குறிப்புகளில் வடக்குச் சுவர் என்றால் ஆண்டு முழுவதும் நிழல் என்று எழுதியிருக்கும். அங்கே அது சரி. கடக ரேகைக்கும் நிலநடுக்கோட்டுக்கும் நடுவில் தோட்டம் வைத்திருப்பவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டால் என் பெரணிக்கு நடந்ததுதான் நடக்கும். ஒரு நாள் வெளிச்சப் படம் போதாது. டிசம்பர், மார்ச், ஜூன் என மூன்று படங்கள் வேண்டும். மார்ச் படமே செப்டம்பருக்கும் பொருந்தும். நான் மூன்றையும் போட்டு முடிக்க ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதமும் கை அரித்துக்கொண்டே இருந்தது, உண்மை. ஆனால் இந்த வேலையில் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது அந்தக் காத்திருப்புதான்.

மணிக்கணக்கோடு எந்த நேரத்து வெயில் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். மேற்குப் பாத்திக்கும் தெற்குக் கோடிக்கும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம்தான். கோட்டை மட்டும் எண்ணினால் இரண்டும் ஒன்று. ஆனால் தெற்குக் கோடிக்கு வருவது காலை வெயில். மேற்குப் பாத்திக்கு நண்பகலுக்கு மேல் வருகிறது. அப்போது காற்று நன்றாகச் சூடேறியிருக்கும், இலையும் பாதி நாள் நீரை இழந்திருக்கும். போதாததற்குச் சுவர் வாங்கிவைத்த வெப்பத்தை இரவு வரை திருப்பிக் கொடுக்கும். இரவு 8 மணிக்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், நான் சொல்வது தெரியும்.

இதற்கு நடுவில் அம்மா ஒரு விஷயம் சொன்னார். "அந்தக் கோடிக் கொடியில துணி போட்டா சாயங்காலம் வரைக்கும் ஈரம் போகாதுடா, இந்தப் பக்கம் போட்டா மத்தியானத்துக்குள்ள காஞ்சிடுது." கோடிக் கொடி தெற்குக் கோடியின் பள்ளத்துக்கு மேலே இருக்கிறது. காற்றும் அங்கே குறைவு, தரையும் ஈரம். என் அளவெடுப்பு எதுவும் சொல்லாததை அம்மாவின் துணிக்கொடி சொல்லிவிட்டது. உடனே அந்த மண்ணைச் சோதித்தேன்.

நேரான கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள். ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி ஆடாமல் வைத்தேன். முதல் நிமிடத்தில் அடியில் படிவது மணல். இரண்டு மணி நேரத்துக்குள் அதன்மேல் படிவது வண்டல். மீதி களி, அது தெளிய ஒன்றிரண்டு நாள் ஆகும். துகளின் அளவுதான் காரணம். களித் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது, அதனால் மெதுவாக இறங்குகிறது. மண்ணை மேலாக அள்ளாமல் ஒரு சாண் ஆழத்திலிருந்து எடுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் தனி பாட்டில் வையுங்கள். எல்லாவற்றையும் கலந்து ஒரே பாட்டிலில் போட்டால் எங்குமே இல்லாத ஒரு மண்ணின் முடிவுதான் கிடைக்கும்.

நடுத் தோட்டத்தில் 12 சென்டிமீட்டர் படிவில் மணல் 7, வண்டல் 3, களி 2. மணல் தூக்கலான நல்ல மண். தெற்குக் கோடியில் 11-க்கு 5 சென்டிமீட்டர் களி. ஈரமாக்கிக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிதுக்கினால் ஏழு சென்டிமீட்டர் நாடா உடையாமல் வந்தது. ஐந்தைத் தாண்டினாலே களிமண்தான்.

அப்புறம் வடிகால் சோதனை. 30 சென்டிமீட்டர் ஆழக் குழி வெட்டி, முதல் நாள் நிரப்பி ஊறவிட்டு, மறுநாள் மறுபடி நிரப்பி, அளவுகோலைச் செருகிவிட்டு மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தேன். நடுத் தோட்டத்தில் மணிக்கு 6 சென்டிமீட்டர். இரண்டரை முதல் ஏழரை வரை இருந்தால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும். தெற்குக் கோடியில் எட்டு மணி நேரத்தில் மொத்தமே 5 சென்டிமீட்டர்தான்.

அந்தக் கோடியில் ஒருமுறை மல்லிகைக்காக ஆழக் குழி எடுத்து, களியை அள்ளிப் போட்டுவிட்டு, மணலும் மக்கு உரமும் கலந்து நிரப்பியிருந்தேன். செடிக்கு நல்லது செய்வதாக முழு மனதோடு நம்பினேன். முதல் கனமழைக்கே வேர் அழுகியது. சுற்றிலும் நீர் இறங்காத களி, நடுவில் நீரை உறிஞ்சும் மணல். அதாவது நான் வெட்டியது ஒரு தொட்டி. சுற்றுவட்டார நீரெல்லாம் அதில் வந்து நின்றது. களிமண்ணில் குழிக்கு மட்டும் மண் மாற்றுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். மேலே மேட்டுப்பாத்தி கட்டுங்கள், அல்லது ஈரக் காலைத் தாங்கும் செடியைத் தேடுங்கள்.

நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். தண்ணீர் தேங்கும் இடம் ஒரு குறை என்ற நினைப்பே அதற்குப் பிறகு போய்விட்டது. ஆற்றோரத்திலும் குளக்கரையிலும் வளர்ந்த செடிகளுக்கு அது சொந்த வீடு. பள்ளத்தின் அடியில் வசம்பு, அதைச் சுற்றிக் கல்வாழை, விளிம்பில் வெட்டிவேர். கல்வாழைக்கு ஐந்து மணி நேரக் காலை வெயில் போதுமா என்ற சந்தேகம் இருந்தது. பூ சற்றுக் குறைவுதான், ஆனால் இலை ஆளுயரம் வந்திருக்கிறது. மழைக்குப் பின் அங்கே நீர் நிற்பதைப் பார்த்தால் இப்போது கவலை வருவதில்லை.

மேற்குப் பாத்தியில் வைக்கும் செடி சுண்ணாம்பு, பிற்பகல் வெயில், சுவர் வெப்பம் மூன்றையும் தாங்க வேண்டும். செவ்வரளியும் ஆவாரையும் வைத்தேன். கீழே கற்றாழை. அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. கைக்குழந்தையோ மேயும் ஆடு மாடோ உள்ள வீட்டில் இதை வைக்கச் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை. கவாத்து செய்யும்போது கையுறை போடுகிறேன், வெட்டிய கிளைகளை எரிப்பதில்லை, புகையும் கெடுதல். உண்ணிச்செடியும் அங்கே செழிக்கும் என்று தெரியும். பறவைகள் அதன் விதையைக் கொண்டுபோய்க் காடுகளில் போட்டு அது எப்படிப் பரவியிருக்கிறது என்பதைப் பார்த்தவன் நான். ஓர் இடத்துக்கு மிக நன்றாகப் பொருந்துவதே ஒரு செடியை வேண்டாம் என்று சொல்லக் காரணமாகவும் இருக்கலாம்.

வேப்பமரத்தடியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சல்லடை நிழல், மழை பெய்தாலும் மண் நனைவது குறைவு, மேல் ஓரடி முழுக்க மரத்தின் வேர். தோண்டினால் மரத்துக்கும் காயம். அங்கே மருள் வைத்தேன், வெளிச்சம் சற்று அதிகமான விளிம்பில் நந்தியாவட்டையும் கனகாம்பரமும். சருகை அள்ளாமல் மூடாக்காக விட்டுவிட்டேன். மல்லிகை, செம்பருத்தி, கறிவேப்பிலை எல்லாம் ஏழு மணி நேர வெயில் விழும் நடுப்பகுதிக்குப் போயின. மரத்தடியில் இரண்டு ஆண்டுகளாக வெறும் கொடியாக நீண்ட மல்லிகையைக் கவாத்து செய்து நடுவில் மாற்றி நட்டேன். அடுத்த பருவத்தில் மொட்டு வைத்தது. உரம் எதுவும் கூடுதலாகப் போடவில்லை.

பகல் வெயிலை மட்டும் குறித்ததால் ஒன்றைத் தவறவிட்டேன். வாசல் விளக்கருகே இருந்த சாமந்தி பச்சைப்பசேல் என்று வளர்ந்து பூக்காமலே நின்றது. சாமந்தி நீண்ட, தடைபடாத இரவை அளந்து பூக்கும் செடி. விடிய விடிய எரியும் விளக்கு அந்த இரவைக் கலைத்துவிடுகிறது. பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள இந்தத் தொடர்பை கார்னர், அல்லார்டு என்ற இருவர் 1920-இல் புகையிலைச் செடியை வைத்து விளக்கினார்கள். அந்தச் சாமந்தியைக் கொல்லைப் பக்கம் இருட்டுக்கு மாற்றினேன். ஒன்பதாவது வாரம் முதல் பூ விரிந்தது. இப்போது என் படத்தில் விளக்குகளும் இருக்கின்றன.

தட்பவெப்பத்தைப் பொறுத்தவரை லாவெண்டரிடம் பாடம் கேட்டேன். விதை உறையில் 'முழு வெயில், வறட்சி தாங்கும்' என்று இருந்தது. எங்கள் வெயிலில் தாராளமாக வந்தது. மழைக்காலம் தொடங்கி இரண்டே வாரத்தில் அடி கறுத்துச் சாய்ந்தது. லாவெண்டரின் சொந்த ஊரான மத்தியதரைக்கடல் பகுதியில் கோடை வறண்டிருக்கும், மழை குளிர்காலத்தில் வரும். வெப்பமும் ஈரமும் ஒன்றாக வருவதை அந்தச் செடி பழகியதே இல்லை. ஆண்டுக்கு எவ்வளவு மழை என்பதைவிட எந்த மாதத்தில் மழை என்பதைப் பாருங்கள்.

சில செடி அட்டைகளில் 'மண்டலம் 9 முதல் 11' என்று போட்டிருக்கும். அது அமெரிக்க வேளாண் துறையின் குளிர் மண்டல வரைபடத்தின் எண். ஓர் இடத்தில் ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவு சராசரியாக எவ்வளவு இறங்கும் என்பதை மட்டும் அது சொல்கிறது. மண்டலம் 11 என்றால் அந்தக் குளிர் 4.4 பாகை செல்சியஸுக்குக் கீழே போகாது என்று பொருள், அவ்வளவுதான். வெப்பம், ஈரப்பதம், மழை எதையும் அது பேசுவதில்லை. வெப்பத்துக்காக 1997-இல் அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் தனி வரைபடம் வெளியிட்டது. ஆண்டுக்கு எத்தனை நாள் 30 பாகையைத் தாண்டுகிறது என்பதுதான் அதன் அளவுகோல். உறைபனியே காணாத ஊர்களில் செடியைக் கொல்வது பெரும்பாலும் வெப்பமும் வேர் ஈரமும்தான். குளிர் எண்ணைப் பார்த்து அங்கே செடி வாங்குவதில் பயன் குறைவு.

சரி, வெட்சி என்ன ஆனது? மூன்றாவது கன்றைத் தூக்கி வேரைக் கழுவிப் பெரிய மண் தொட்டிக்கு மாற்றினேன். சிமென்ட் தொட்டி கூடாது, அதிலிருந்தும் சுண்ணாம்பு கசியும். தென்னை நார்க் கழிவு, மக்கிய இலை, கொஞ்சம் ஆற்று மணல். அடியில் ஜல்லி போடவில்லை. நுண்ணிய மண்ணிலிருந்து பருத்த கல்லுக்கு நீர் எளிதில் இறங்காது. மண் முழுதும் ஊறிய பிறகுதான் சொட்டும். ஜல்லி போட்டால் ஈரம் மேலே ஏறி வேரருகில் நிற்கும். இவ்வளவு செய்தும் நான்காம் மாதம் கொழுந்தில் லேசான மஞ்சள் தட்டியது. தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் படிவு. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பும் சுண்ணாம்பும்! மண்ணை மாற்றிவிட்டு அதே சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊற்றிக்கொண்டிருந்தேன். 200 லிட்டர் டிரம் ஒன்றைக் கூரைக் குழாய்க்குக் கீழே வைத்தேன். மழைநீர் இயல்பிலேயே இலேசான அமிலம், காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் பி.எச். 5.6 வாக்கில் இருக்கும். வெட்சிக்கு இப்போது அது மட்டும்தான். டிரம் காலியாகும் மாதங்களில் கிணற்று நீர் கொடுக்க நேர்கிறது, அடுத்த மழையில் தொட்டியை நன்றாக அலசிவிடுகிறேன்.

இன்று காலை எண்ணினேன், பதினொரு கொத்துகள். தொட்டி மேற்குச் சுவரோரம், அரளிகளுக்கு நடுவில்தான் நிற்கிறது. வடக்குச் சந்தில் புதிய பெரணிகளும் தொட்டியில்தான், ஏப்ரல் இரண்டாம் வாரம் மரத்தடிக்கு நகர்ந்து செப்டம்பரில் திரும்பி வரும். கிழக்கு மதிலை ஒட்டி ஒரு முழம் அகலத் துண்டு நிலம் மட்டும் காலியாக இருக்கிறது. பக்கத்து வீட்டில் மாடி எழுப்புகிறார்கள். அது முடிந்து அதன் நிழல் எங்கே விழுகிறது என்று டிசம்பரில் கோடு போட்ட பிறகுதான் அங்கே குழி எடுப்பேன்.